மயங்கிக் கிடப்பவர் முதுகில் ஊசி எதற்கு?

“தலையிலதானே கோளாறு? அப்புறம் எதுக்குத் தம்பி முதுகுல குத்துறாங்க?”

பினாங்கில், ஜார்ஜ் டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், தேநீர்க் கடையில் என் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்ட கேள்வி இது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பக்கத்து வீட்டுப் பையன் காய்ச்சலில் படுத்திருந்தவன், ஒருநாள் காலையில் பெற்ற அம்மாவையே யாரென்று கேட்டிருக்கிறான். மத்தியானத்துக்குள் கூப்பிட்டால் கண் திறக்காத நிலை. ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். பையனின் அப்பா போட்டுக் கொடுத்துவிட்டார். “நான் பக்கத்துல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன். அங்க குத்துனா இடுப்புக்குக் கீழ விழுந்துடும்ல?” என்றார் அண்ணன்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அந்த நீர் குழாயில் வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குப் பழக்கம். ஆனால் வார்டு வாசலில், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாமனைக் கேட்போம், பெரியப்பா வரட்டும் என்று குடும்பம் நிற்கும் அந்த நேரத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பேச வேண்டிய விஷயம் அதுதான். அண்ணனுக்கு இன்னொரு தே சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

பயத்திலிருந்தே தொடங்கலாம். முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடம் அடிமுதுகு முழுவதும் வருவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நூல் நூலாகப் பிரிந்த நரம்பு வேர்களும் அவற்றைச் சூழ்ந்த நீரும்தான். டாக்டர் ஊசி போடுவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கையால் தடவி இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். தண்டுவடமே இல்லாத இடத்தில் தண்டுவடத்தைக் குத்த முடியாது. ஒரு நரம்பு வேரில் ஊசி உரசினால் காலில் சுரீரென்று வலிக்கும். ஊசியை நகர்த்தியதும் போய்விடும்.

“உங்க மருமகளுக்கு சிசேரியன்தானே அண்ணே? மரத்துப்போக முதுகுல ஊசி போட்டாங்களே, கிட்டத்தட்ட அதே இடம்தான்.”

“அதுலேர்ந்துதான் இடுப்பு வலின்னு அது சொல்லிக்கிட்டே இருக்கு.”

நம் வீடுகளில் இதைச் சொல்லாத தாய்மார் குறைவு. குத்திய இடம் சில நாள் நோகும், அது உண்மை. ஆனால் பிரசவ ஊசி போட்டுக்கொண்ட பெண்களையும் போடாத பெண்களையும் நீண்ட காலம் கவனித்துப் பார்த்த ஆய்வுகளில், தீராத இடுப்பு வலிக்கு ஊசி காரணம் என்று தெரியவரவில்லை. பிள்ளை சுமந்த உடம்பு, பிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை, ஓய்வில்லாத வேலை என்று வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு, அல்லது ரத்தத் தட்டணுக்கள் மிகவும் இறங்கிப் போனவருக்கு, குத்திய இடத்தில் உள்ளே ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தலாம். கால் விழுந்துபோகும் என்ற பயத்துக்கு உண்மையான அடிப்படை எங்காவது உண்டு என்றால் இதுதான்; மிக அரிது, ஆனால் உண்டு. டெங்கி ஓயாத ஊர் இது. டெங்கியில் தட்டணுக்கள் இறங்கும். அதனால்தான் ஊசிக்கு முன்னால் அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் மருந்துப் பட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதும் இதற்காகத்தான். வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று மயங்கிக் கிடப்பவரால் சொல்ல முடியாது.

பிறகு தலைவலி. மண்டைக்குள் மூளை அந்த நீரில் மிதக்கிறது. எடுத்து நிறுத்தால் கிட்டத்தட்ட 1400 கிராம் இருக்கும் மூளை, மிதக்கும்போது 50 கிராம் போலத்தான் கீழே அழுத்தும். துறைமுகத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு இதைச் சொல்வது சுலபம்: நீர் வற்றினால் படகு அடி தட்டும். ஊசி போட்ட துளை வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், எழுந்து உட்காரும்போது மூளை இறங்கித் தலை வலிக்கும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். இப்போது முனை மழுங்கிய ஊசிகள் வந்துவிட்டன. பழைய கூர்முனை ஊசியில் 100 பேரில் 11 பேருக்கு வந்த தலைவலி, இதில் 4 பேருக்குத்தான் வருகிறது என்று 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு காட்டியது. ஊசி போட்ட பிறகு நாள் முழுக்க அசையாமல் படுக்க வைப்பது நம் ஆஸ்பத்திரிகளின் பழைய வழக்கம். அப்படிப் படுத்திருப்பதால் தலைவலி வராமல் போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

“அவ்வளவு நீரை எடுத்துட்டா?” என்றார் அண்ணன். எடுப்பது கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் நம் உடம்பில் இருக்கும் மூளைத் தண்டுவட நீர் 150 மில்லி. ஆனால் மூளையின் உள்ளறைகள் ஒரு நாளைக்கு 500 மில்லி வரை சுரக்கின்றன. பழையது ரத்தத்தில் கலந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். சோதனைக்கு 10, 15 மில்லி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு அதை நிரப்பிவிடும். மூளையைத் தழுவிக்கொண்டிருக்கும் நீரும் அடிமுதுகில் இருக்கும் நீரும் ஒன்றே. தலையில் கோளாறு என்றால் முதுகில் குத்துவதற்குக் காரணம் அதுதான். 1891-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஷ் குவின்கே என்ற டாக்டர் இந்த வழியைக் காட்டினார். அடிப்படையில் இன்றைக்கும் முறை அதேதான்.

நினைவு தப்பி வருகிற எல்லோருக்கும் இந்த ஊசி தேவையில்லை. அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பது மூச்சு, நாடி. அடுத்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சர்க்கரைக்காக. மலேசியாவில் இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு நம்மவர்களிடம்தான் அதிகம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விழுந்தவர், குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சோடியம் இறங்கியிருக்கலாம், வலிப்பு வந்து ஓய்ந்திருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மது குடித்துப் பலர் இறந்தார்களே, அதுபோல விஷமாகவும் இருக்கலாம். இவற்றில் எதற்கும் முதுகில் குத்த வேண்டியதில்லை. காய்ச்சலும் நினைவுத் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், கழுத்து விறைத்தால், அல்லது வேறெந்தக் காரணமும் பிடிபடாவிட்டால்தான் அந்தக் காகிதம் கைக்கு வரும். தலை வெடிப்பது போன்ற வலி திடீரென்று வந்து, ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கேட்பார்கள். மூளைக்கு வெளியே கசிந்த ரத்தம் 12 மணி நேரம் கழித்து அந்த நீரை மஞ்சளாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

“சரி. ரத்தத்தை எடுத்துப் பாத்தா போதாதா? அதுல எல்லாம் தெரியும்னு சொல்றாங்களே.”

இதற்குப் பதில் நம் நாட்டிலேயே, மிகக் கடுமையாகக் கிடைத்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். காய்ச்சல், தலைவலி, பிறகு குழப்பம், மயக்கம். சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம் தெரிந்தது. அந்த நோய் இங்கே புதிதல்ல. 1974-ல் லங்காவியில், 1988-ல் இதே பினாங்கில், 1992-ல் சரவாக்கில் பரவியது. பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு வருகிற நோய். எல்லாம் பொருந்தியது போலத்தான் இருந்தது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும்; இங்கே படுத்தவர்கள் பன்றிகளோடு நேரடியாகப் புழங்கிய வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். கொசு அப்படி ஆள் பார்த்துக் கடிக்காது. போதாததற்குப் பன்றிகளும் பலமாக இருமி நோயில் விழுந்தன. பேராக்கிலிருந்து அவை லோரிகளில் ஏறித் தெற்கே போக, நோயும் கூடவே நெகிரி செம்பிலானின் சிக்காமாட்டுக்கும் புக்கிட் பெலாண்டோக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்த ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களின் மேல் விட்டுப் பார்த்தார். சில நாட்களில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய திரளாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் குணம் அதுவல்ல. அவர் அந்தக் கிருமியை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுபோனார். 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் உறவு, ஆனால் உலகம் அதுவரை பார்க்காதது என்று தெரிந்தது. அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது: நிப்பா. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளின் பக்கம் திரும்பினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தார்கள். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார்.

அந்த மாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ரத்தம் பொய் சொல்லவில்லை. ஒருவர் எப்போதோ ஒரு கிருமியைச் சந்தித்திருக்கிறார், அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார் என்றால் அது ரத்தத்தில் தெரியும். டெங்கி வந்துபோனவரின் ரத்தத்தில்கூட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சோதனை தடுமாறும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். இப்போது, இந்த நேரத்தில் மூளையில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரைத்தான் கேட்க வேண்டும். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பக்கத்தில். இன்றைக்கும் அந்த நோய்க்கான நோய் எதிர்ப்புப் பொருளை மூளைத் தண்டுவட நீரில் காட்டினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த நீரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் நிப்பாவே காட்டியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பார்த்த 94 நோயாளிகளில், நான்கில் மூன்று பேருக்குத்தான் நீரில் மாற்றம் தெரிந்தது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகவே இருந்தது. நீர் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல.

நீர் எங்களிடம் வரும்போது என்ன பார்ப்போம் என்று அண்ணன் கேட்டார். மூன்று, நான்கு சிறு குழாய்களில் வரும். முதலில் கண்ணால் பார்ப்போம். நல்ல நீர் நிறமில்லாமல் தெளிந்து இருக்கும். கலங்கியிருந்தால் வெள்ளணுக்கள் நிறைய வந்துவிட்டன. சிவப்பாக இருந்தால் முதல் குழாயையும் கடைசிக் குழாயையும் ஒப்பிடுவோம். போகப்போக வெளுத்தால் ஊசி கீறிய ரத்தம்; கடைசி வரைக்கும் ஒரே சிவப்பு என்றால் தலைக்குள் கசிவு. பிறகு கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் அணுக்களை எண்ணுவோம். ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 வரை சாதாரணம். பாக்டீரியாவால் வந்த மூளைச்சவ்வு அழற்சியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நீரின் சர்க்கரை, ரத்தச் சர்க்கரையில் பாதிக்கும் கீழே போயிருக்கும். வைரஸ் என்றால் வேறு வகை வெள்ளணுக்கள் வரும், சர்க்கரை பெரும்பாலும் குறையாது. காசநோய் என்றால் அந்த வேறு வகை அணுக்களும் வரும், சர்க்கரையும் குறையும். அதனால்தான் அதே நேரத்தில் கையிலிருந்தும் ரத்தம் எடுப்பார்கள். இந்த வேலை உடனே நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால் அணுக்கள் சிதையத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் சில கிருமிகள் செத்துப்போய் வளராது.

கிருமி எது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்து கொடுத்தால் போகிறதே என்று சிலர் கேட்பார்கள். பக்கத்துக் கெடாவின் நெல்வயல் மண்ணில், நீரில் இருக்கிறது மெலியாய்டோசிஸ் கிருமி. நீரிழிவுக்காரர்களை அதிகம் பிடிக்கும், சிலருக்கு மூளைக்கும் போகும். மூளைச்சவ்வு அழற்சிக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனை அதற்கு நம்ப முடியாது; வேறு மருந்து வேண்டும், வாரக்கணக்கில். காசநோய் என்றால் மாதக்கணக்கில். பூஞ்சைக்கு மருந்தே வேறு. ஹெர்பீஸ் வைரஸ் மூளையைத் தாக்கினால் அசைக்ளோவிர் இருக்கிறது; கொடுக்காவிட்டால் 10 பேரில் 7 பேர் இறந்துவிடுவார்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்லபடி இருந்த இளம்பெண் சில நாட்களில் ஆள் மாறி, கத்தி, இல்லாததைப் பார்த்து, பிறகு அசைவற்றுப் போவாள். குடும்பம் கோயிலுக்கு, மந்திரிக்கிறவரிடம் என்று அலையும். சிலரை நேரே மனநல வார்டுக்குக் கொண்டுபோவார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய் அது. 2007-ல்தான் ஜோசப் டால்மாவ் என்ற டாக்டரின் குழுவினர் அதைத் தெளிவாக அடையாளம் காட்டினார்கள். ரத்தத்தில் தப்பிவிடக்கூடிய அந்த எதிர்ப்புப் பொருள் இந்த நீரில் பிடிபடும். தெரிந்து சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். கோயிலுக்குப் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போங்கள்.

“தலைய ஸ்கேன் பண்ணாம குத்தக்கூடாதுன்னு ஒரு பேச்சு இருக்கே?”

நல்ல கேள்வி. மூளையில் கட்டியோ சீழோ இருந்து அழுத்தம் ஒரு பக்கமாகத் தள்ளினால், கீழே நீரை எடுக்கும்போது மூளை இறங்கி நெரிபடலாம். ஒரு பக்கக் கை கால் விழுந்திருந்தால், புதிதாக வலிப்பு வந்திருந்தால், கண்ணின் உள்பக்கம் நரம்பு வீங்கித் தெரிந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பது சரி. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கும் பல நாடுகளில் ஸ்கேன்தான் முதலில். ஆனால் ஸ்கேனுக்காகக் காத்திருந்த நேரத்தில் பலர் கைமீறிப் போயிருக்கிறார்கள். ஸ்வீடன் 2009-ல், நினைவு மங்கியிருப்பதை மட்டும் வைத்து ஊசியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது. அதற்குப் பிறகு மருந்து சீக்கிரம் தொடங்கியது, பாக்டீரியா மூளைச்சவ்வு அழற்சியில் இறந்தவர்களின் விகிதமும் 100-க்கு ஏறத்தாழ 12-லிருந்து 7-ஆக இறங்கியது என்று 2015-ல் எழுதினார்கள். எல்லா ஊருக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பார்க்கும் டாக்டரின் கண்ணுக்குத்தான் முடிவு.

ஸ்கேனோ ஊசியோ தாமதமானால் மருந்து காத்திருக்கக்கூடாது. இதை மட்டும் குடும்பம் வாய்விட்டுக் கேட்கலாம்: “டாக்டர், ஆண்டிபயாட்டிக் ஆரம்பிச்சாச்சா?” ரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு உடனே தொடங்கலாம். மருந்து ஏறிய சில மணி நேரத்தில் நீரில் கிருமி வளராமல் போகக்கூடும். அணுக்களும் சர்க்கரையும் அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்லும். ஆகவே மருந்து கொடுத்தாயிற்று, இனி ஊசி வேண்டாமே என்பதும் சரியில்லை.

கேட்பதோடு சொல்லவும் வேண்டும். இது துறைமுக ஊர். கப்பலில் வந்தவர், தொழிற்சாலைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளி, போன வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியவர் என்று எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். எங்கே போனார், எந்த மிருகத்தோடு புழங்கினார், வெள்ளத்தில் நின்றாரா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று அறையில் கூடத் தங்கியிருப்பவர் சொன்னால்தான் ஆய்வுக்கூடத்துக்கும் எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

முடிவு ஒரே நாளில் வராது. அணுக்களும் சர்க்கரையும் சில மணி நேரத்தில். கிருமி வளர இரண்டு, மூன்று நாள். காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். அதற்காக மருந்தை நிறுத்திவைக்க மாட்டார்கள். சில நீர் கோலாலம்பூர் போய் வர வேண்டியிருக்கும்.

“மறுபடியும் குத்தணும்னு கேட்டா?” என்றார் அண்ணன். கேட்கக்கூடும். முதல் தடவை தப்பாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பூஞ்சை நோயில் தலைக்குள் அழுத்தம் ஏறும்போது நீரை எடுப்பதே வைத்தியம். தலைவலியும் பார்வை மங்கலும் குறைய நாள்தோறும்கூட எடுப்பார்கள். ஹெர்பீஸ் கிருமியோ நோய் தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த நீரில் அகப்படாமல் போகலாம். இல்லை என்று வந்த அந்த முதல் முடிவை நம்பி அசைக்ளோவிரை நிறுத்தலாமா, தொடரலாமா என்று தீர்மானிக்க, சில நாள் கழித்து எடுக்கும் இரண்டாம் நீர்தான் டாக்டருக்கு வேண்டும்.